சில்லறைச் செலவில் எழுதிய மாத்திரை

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே நாங்கள் தப்பான பதிலைச் சொன்னோம்.

“ஐயா வழக்கமா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?”

நான் மடமடவென்று ஒப்பித்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து மதியம் ஆஸ்பிரின் 75, ராத்திரி கொழுப்புக்கு ஒன்று, காலையில் பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு வேளை. “வலிக்கு ஏதாவது?” என்றார். அப்பா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, “எப்பவாச்சும் ஒண்ணு” என்றார். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. எங்கள் மூன்று பேர் மனசிலும் அது மருந்துக் கணக்கிலேயே சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ‘எப்பவாச்சும்’ எத்தனை என்று மறுநாள்தான் தெரிந்தது. காட்டிக்கொடுத்தது அப்பாவின் கையெழுத்தேதான்.

அப்பா காரைக்குடியில் ஒரு இரும்புக் கடையில் 40 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் கணக்கை விடவில்லை. நீள நோட்டு, தலைப்பில் பிள்ளையார் சுழி, பக்கத்தில் ‘லாபம்’, அதற்குக் கீழே தேதி. கீரைக்கட்டிலிருந்து கரண்ட் பில் வரை அன்றன்றைக்கே ஏறிவிடும். கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் பண்டத்தைக்கூட ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி வைக்கிற ஊர் இது. அப்பா அந்த ஊருக்கே பாடம் எடுப்பார்.

தை மாதத்தில் தொடங்கியது எல்லாம். அப்பாவுக்கு 71 வயது. 30 வருடத்துக்கு மேலாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி கிளம்பும்போது, காவடி எடுக்காத எங்களைப் போன்றவர்களும் கூட்டம் கூட்டமாக நத்தம், திண்டுக்கல் வழியாக நடப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம். வலது முழங்காலில் தேய்மானம் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எக்ஸ்ரேயில் சொல்லியிருந்தார்கள். இந்த வருடம் வேண்டாம் என்று நான் சொன்னேன். “முருகன் நடத்திக் கூட்டிட்டுப் போவான்த்தா” என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நடைபாதை நெடுக மோர், பானகம், சுண்டல் கொடுக்கிறவர்கள் உண்டு. கால் பிடித்து விடுகிறவர்கள் உண்டு. அதே போல வலி மாத்திரை கொடுக்கிறவர்களும் உண்டு. புண்ணியத்துக்குச் செய்கிறார்கள், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் மாத்திரையை நீட்டும்போது “இதயத்துக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா, வயித்துல புண்ணு வந்திருக்கா” என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவும் இரண்டு போட்டார். வலி பறந்தது. முருகன் பாதி, மாத்திரை பாதியாகப் பழனி போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு முருகன் பங்கு தீர்ந்துபோய் மாத்திரை பங்கு மட்டும் மிச்சமிருந்தது. தெருமுனை மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டி, “இதே மாதிரி ஒரு அட்டை” என்று கேட்டால் போதும், கொடுத்துவிடுவார்கள். அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அட்டையின் பின்னாலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். அந்த எழுத்தை முதன்முறையாகப் படித்தது பங்குனி மாதம், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

இடையில் உடம்பு சும்மா இருக்கவில்லை, குறிப்புக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. மாசியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது பிரஷர் 160ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். கணுக்காலில் லேசான வீக்கம். நடந்ததால் என்று நினைத்தோம். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பிரஷர் மாத்திரையை வேலை செய்யவிடாது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஒரு மாத்திரையின் கெடுதலைச் சரிக்கட்ட இன்னொரு மாத்திரையைக் கூட்டியிருக்கிறோம்.

அப்புறம் நெஞ்சுக்குக் கீழே லேசான எரிச்சல். அதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு சிரப், ‘கேஸ்’ மாத்திரை. இரண்டு நாளில் எரிச்சல் போய்விட்டது. போனது எரிச்சல் மட்டும்தான். ஒரு வாரம் கழித்துத் தலை சுற்றுகிறது என்று பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். முழங்காலையும் சொன்னாராம், இடுப்பில் ஒரு வலி ஊசியும் போட்டு அனுப்பினார்கள். ரத்தம் சோதித்துப் பார்க்கவில்லை. அப்பா தெம்பாகத் திரும்பி வந்தார். “ஊசி நல்லது, வயித்துக்குப் போகாது பாரு” என்று எனக்கே விளக்கம் வேறு.

அடுத்துச் சொல்லப்போவதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியும் பிரயோஜனமில்லை. அப்பாவுக்கு மூன்று நாளாக மலம் கன்னங்கரேல் என்று போயிருக்கிறது. எங்கள் வீட்டில் கக்கூஸ் பின்கட்டில், கிணற்றடி தாண்டி. யார் கண்ணிலும் படாது. அவர் பார்த்திருக்கிறார், பயப்படவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் கவுனி அரிசி இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருந்தார். கறுப்பு அரிசி, அதனால் கறுப்பாகப் போகிறது. கணக்கு நேராகிவிட்டது!

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தால் அம்மாவும் கவுனி அரிசி என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு டாக்டர் எங்களுக்கு வித்தியாசத்தைப் பிரித்துச் சொன்னார். சாப்பாட்டில் வருகிற நிறம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் போய்விடும், பதம் மாறாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், அது பச்சை கலந்த கறுப்பு, ஒட்டாது. மேல் வயிற்றில் ரத்தம் கசிந்தால் அது கீழே வருவதற்குள் செரித்து, ரோடு போடுகிற தார் மாதிரி ஆகிவிடும். பளபளவென்று கறுப்பு, பிசுபிசுப்பு, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாது, நாற்றமும் வழக்கமான நாற்றமாக இருக்காது. 50 முதல் 100 மில்லி ரத்தம் கசிந்தாலே இப்படிப் போகலாமாம். அரை டம்ளர்கூட வராது. வாந்தியாக வந்தால் சிவப்பாகவும் வரலாம், ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு நிற்கிற காபி மண்டி மாதிரியும் வரலாம். இரண்டும் ஒரே ஆபத்துதான், மறுநாள் காலை வரை காத்திருக்கிற விஷயமில்லை.

வயிறு வலித்திருந்தால் முன்பே போயிருப்போம். வலிக்கவே இல்லை. இதுதான் எனக்குக் கடைசிவரை செரிக்காத விஷயம். வயிற்றில் புண் இருந்தால் வலிக்கும் என்று நாம் நினைக்கிறோம். இந்த மாத்திரையால் வருகிற புண், குறிப்பாக வயதானவர்களுக்கு, ஒரு முனகல்கூட இல்லாமல் நேரே ரத்தமாக வந்து நிற்கும். முழங்கால் வலியை மறைக்கிற அதே மாத்திரை வயிற்று வலியையும்தானே மறைக்கும்?

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குட நாள் காலை, ஐந்தரை மணி. அப்பா பின்கட்டிலிருந்து வந்து திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெள்ளைவெளேர் என்று இருந்தது, வேட்டி முடிச்சு வரை வேர்வை. “ஒண்ணுமில்லத்தா, கண்ணு இருட்டுது” என்றபடியே சரிந்தார். நாடியைப் பிடித்தால் ஓட்டமாக ஓடுகிறது. மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். இதய நோயாளி, வேர்வை, மயக்கம். வேறு என்ன நினைப்பது? அவசரத்தில் ஆஸ்பிரினை எடுத்து நாக்கில் வைக்கலாம் என்று ஓடினேன். டப்பா கைக்குக் கிடைக்கவில்லை. அந்த டப்பாவை இடம் மாற்றி வைத்த அம்மாவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரோடு முழுக்க மஞ்சள் சேலையும் பால்குடமும். ஆட்டோக்காரத் தம்பி சந்து சந்தாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். பிரஷர் 90க்கு 60, நாடித் துடிப்பு 118. ஈசிஜியில் புதிதாக ஒன்றும் இல்லை. பணியில் இருந்த இளம் டாக்டர் அம்மா, கையுறையை மாட்டிக்கொண்டு, “ஐயா, மோஷன் என்ன கலர்ல போகுது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் திருப்பியது. அப்பா கவுனி அரிசிக் கதையைத் தொடங்கினார். அந்த அம்மா முழுவதும் கேட்கவில்லை.

ஹீமோகுளோபின் 6.9. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் 12.6. ரத்தத்தில் யூரியாவும் கூடியிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் செரிக்கும்போது அப்படி ஏறுமாம். இன்னொன்றும் சொன்னார்: ரத்தம் போகத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் இறங்காது, சாதாரணமாகக்கூடக் காட்டும். அதனால் ‘ரத்தம் சோதிச்சோம், நல்லாத்தான் இருக்கு’ என்று நிம்மதியாகத் திரும்பிவிடக் கூடாது. இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஒரு யூனிட் ரத்தம் ஏற்றி, அமிலத்தைக் குறைக்கிற பேன்டோபிரசோலை நரம்பில் கொடுத்து, எண்டோஸ்கோப்பி வசதிக்காக மதுரைக்கு அனுப்பினார்கள். மேலூர் தாண்டும் வரை நான் ரத்தப் பையையும் அப்பாவின் கால் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மாதிரி நேரத்தில் சொந்தக் காரில் கூட்டிப் போகலாம் என்று என் தம்பி போனில் சொன்னான். ஆம்புலன்ஸ்தான் என்று அந்த டாக்டர் அம்மா கறாராக நின்றார். வழியில் பிரஷர் ஒரு முறை இறங்கியது. காரில் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே எண்டோஸ்கோப்பி. வயிற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு புண், அதன் நடுவில் ரத்தக் குழாய் ஒன்று மொட்டு மாதிரி தெரிகிறது என்று படத்தைக் காட்டினார்கள். எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாகவே சுற்றிலும் அட்ரினலின் ஊசி போட்டு, துணி கிளிப் மாதிரி ஒரு சின்ன உலோகக் கிளிப்பால் அந்த இடத்தைக் கவ்விப் பிடித்துவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. பழைய காலத்தில் இதற்கு ஆபரேஷன்தான். பிறகு மூன்று நாள் பேன்டோபிரசோல் சொட்டுச் சொட்டாக. இன்னொரு யூனிட் ரத்தமும் ஏறியது. இதய நோய் இருப்பதால் ஹீமோகுளோபினை 8க்குக் கீழே விட்டுவைக்க முடியாது என்றார்கள்.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் மறுபடி அதே கேள்வி. “எப்பவாச்சும் ஒண்ணுன்னா இவ்வளவு பெரிய புண்ணு வருமா?” அப்பா சுவரைப் பார்த்தார். எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. தம்பியிடம் சொல்லி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்.

அப்பாவின் நோட்டில் ‘மருந்து’ என்று ஒரு தனித் தலைப்பு உண்டு. மாதம் ஒரு தடவை, இதயம், பிரஷர், சுகர் மாத்திரை வாங்குகிற பெரிய தொகை அதில் இருக்கும். வலி மாத்திரை அதில் இல்லை. அது ‘சில்லறைச் செலவு’ப் பத்தியில், வெற்றிலை பாக்கு, பஸ் டிக்கெட், கோயில் உண்டியல் இவற்றோடு இருந்தது: ‘மெ. 55’. பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டையின் விலை. தை மாதம் பழனியிலிருந்து திரும்பியதிலிருந்து எண்ணினேன். 58 நாளில் 11 தடவை ‘மெ. 55’. 110 மாத்திரை. வீட்டு டப்பாவில் மிச்சம் இருந்தது 6. ஆக 104. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு.

டாக்டர் போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நான் எழுதுற கேஸ் ஷீட்டை விட இது நல்லா இருக்கே ஐயா.” அப்பாவுக்கு அந்த நிலையிலும் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன்.

ஏன் இப்படி ஆனது என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் எங்கள் ஊர்ச் சுவரைத்தான் உதாரணம் காட்டினேன். செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவர் நூறு வருடமாகியும் கண்ணாடி மாதிரி மின்னுவதற்கு மேலே இழைத்த சுண்ணாம்புப் பூச்சுதான் காரணம். வயிற்றின் உள்சுவரிலும் ஒரு பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கிற அமிலம் அந்தச் சுவரையே தின்றுவிடாமல் காப்பது அதுதான். வித்தியாசம் என்னவென்றால், இதை அன்றாடம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள்தான் அந்தக் கொத்தனார். வீக்கம் வந்த மூட்டில் வலியைக் கூட்டுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். வலி மாத்திரை முழங்காலுக்கு வேறு, வயிற்றுக்கு வேறு என்று பார்ப்பதில்லை. எல்லாக் கொத்தனாரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்திவிடுகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் அதற்கு நோபல் பரிசும் பகிர்ந்து கிடைத்தது. அம்மாவுக்கு நோபல் தேவைப்படவில்லை. “பூச்சு உதிர்ந்துபோச்சா” என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஊசி போட்டால் வயிற்றுக்குப் போகாது என்ற அப்பாவின் வாதமும் இதில் அடிபட்டுப் போகிறது. மாத்திரை வயிற்றில் உரசுவதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்த பிறகுதான் முக்கியமான கெடுதல். ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் கொத்தனார் வேலைக்கு வர மாட்டார். சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் பாதி உண்மைதான். எரிச்சல் குறையும், புண்ணும் ரத்தக்கசிவும் வராது என்று உறுதியில்லை. மேலே பூச்சு உள்ள ஆஸ்பிரினுக்கும் இதே கதை.

அப்பாவுக்கு இதில் ஆஸ்பிரின் கூட்டு வேறு. ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் செய்வதுதான் ஆஸ்பிரினின் வேலை. ஒரு முறை அதன் பிடியில் பட்ட தட்டு, அதன் ஆயுள் முடிகிற 7 முதல் 10 நாள் வரை ஒட்டவே ஒட்டாது. ஒரு மாத்திரை சுவரைப் பெயர்க்கிறது, இன்னொன்று உடைப்பை அடைக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வயது, இரண்டு மாத்திரை சேர்வது, முன்பே புண் வந்திருப்பது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவது, ஸ்டீராய்டு சாப்பிடுவது, இதில் எது இருந்தாலும் ஆபத்து பெருகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் இதில் சேர்த்தி என்று டாக்டர் சொன்னது எனக்குப் புதிது.

இதற்குப் பிறகு நாங்கள் செய்யப் பார்த்த தப்பு ஒன்று உண்டு. “அந்த ஆஸ்பிரினே வேண்டாம், தூக்கிப் போட்டுருவோம்” என்று அம்மா நின்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் போனில் பேசி, மூன்றாம் நாளே அதைத் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நாமாக நிறுத்தினால் ரத்தக்கசிவில் தப்பித்து மாரடைப்பில் மாட்டிக்கொள்ளலாம். கூடவே பேன்டோபிரசோல், காலை ஆகாரத்துக்கு அரைமணி நேரம் முன்னால், ஆஸ்பிரின் இருக்கும் வரை. அப்பா வாங்கிச் சாப்பிட்ட கேஸ் மாத்திரைக்கும் இதற்கும் பெரிய தூரம். அது எரிச்சலை அடக்கியது, வயிற்றுப் புண்ணைத் தடுக்கவில்லை.

அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபனமிக் ஆசிட், பைராக்சிகாம், கீட்டோரோலாக், நிமெசுலைடு: இத்தனை பெயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை நர்ஸ் ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர்கள் நூறு இருக்கும். அட்டையின் பின்பக்கம் உள்ள மருந்துப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். வயிற்றுக்குக் கொஞ்சம் தேவலை என்று செலிகாக்சிப், எடோரிகாக்சிப் வகை உண்டே என்று கேட்டேன். இதய நோயாளிக்கு அது ஆகாது, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச லாபமும் கரைந்துவிடும் என்றார் டாக்டர். சிறுநீரகமும் அடி வாங்கியிருந்தது. அதைக் காட்டுகிற கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் 1.7க்கு ஏறி, ஆறு வாரத்தில் 1.1க்குத் திரும்பியது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பிக்கு வரச் சொன்னார்கள். நல்லாத்தானே இருக்கிறோம் என்று அப்பா மழுப்பினார். இரைப்பைப் புண்ணை ஆறிவிட்டதா என்று திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். ஆறாத புண்ணில் சில சமயம் புற்றுநோய் ஒளிந்திருக்கும். அப்பாவுக்கு முழுசாக ஆறியிருந்தது. ஆனால் அப்போது எடுத்த சதைத் துணுக்கில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி தெரிந்தது. முதல் முறை இல்லை என்று வந்ததே என்றேன். ரத்தம் போகிற நேரத்தில் அந்தச் சோதனை ஏமாற்றலாம், அதனால்தான் திரும்பச் செய்தோம் என்றார்கள். அந்தக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண்ணுக்குக் கேட்க வேண்டியதே இல்லை. ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 2005இல் நோபல் வாங்கியது, மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தது எல்லாம் நான் வகுப்பில் கதையாகச் சொல்கிற விஷயம். அது எங்கள் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை. 14 நாள் ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுத்தார்கள். வாயெல்லாம் கசக்கிறது என்று திட்டிக்கொண்டே முடித்தார்.

சரி, முழங்காலுக்கு என்ன வழி? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். வலி போய்விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பாராசிட்டமால் இருக்கிறது, ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அப்பாவுக்கு அளவு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் அதுவே இருப்பதால் கூட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மேலே தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும் என்பதால், டாக்டரைக் கேட்டுத் தடவுகிறோம். நிஜமாகப் பலன் கொடுத்தது பிசியோதெரபிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது. அப்பா எண்ணுவதில் கெட்டிக்காரர், விடவே மாட்டார். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டுமாம். நாங்கள் ஒரு மாதம் தப்பான கையில் கொடுத்திருந்தோம். பின்கட்டுக் கக்கூஸில் மேல்நாட்டு இருக்கை வைத்தோம். பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவதில்லை. ஐந்து கிலோ இறங்கியிருக்கிறார்.

ஒரு உறவினர், “இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், மூட்டுவலிக்குப் பொடி இருக்கு, மூணே நாள்ல நிக்கும்” என்று பேர் ஒட்டாத டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்றே நாளில் நிற்கிற பொடி எதுவோ அதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் இதே வலி மருந்தும் கலந்திருந்தது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேரில்லாத டப்பாவின் மேல்தான்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், பையில் எல்லா அட்டையையும் போட்டுக்கொண்டு போகிறோம். தைலம், ஜெல், சிரப் உட்பட. வாயால் ஒப்பிப்பதில்லை. மெடிக்கலில் வலிக்கு என்று எது கேட்டாலும், ‘ஆஸ்பிரின் சாப்பிடுறவர், வயித்துல ரத்தம் கசிஞ்சவர்’ என்று முதலில் சொல்லிவிடுகிறோம். கடைப் பையனுக்கு அலுத்துவிட்டது. அலுக்கட்டும்.

ஒரு விஷயம் பாக்கி. ஆடி மாதம் பெட்டகத்தைச் சுத்தம் செய்யும்போது, அப்பாவின் வேட்டிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் புட்டி கிடைத்தது. காலி. ஐபுப்ரோஃபென் 200. எதிர்வீட்டு ஆச்சியின் மகன் மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது. கோடாலித் தைலத்தோடு ஆச்சி பிரியமாகக் கொடுத்தாராம். “வெளிநாட்டு மாத்திரை, வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாங்க” என்றார் அப்பா. 104 மாத்திரைக்கு மேல் இது தனி. இரண்டும் ஒரே வகை. அதுபோக, ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினுக்கு முன்னால் உள்ளே போனால், ஆஸ்பிரின் இதயத்துக்குச் செய்கிற நல்லதையே தடுத்துவிடக்கூடும் என்பது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

“இதை ஏன்ப்பா டாக்டர்கிட்டச் சொல்லல? நோட்டுலயும் இல்லையே?”

“காசு கொடுத்து வாங்கலையே ஆத்தா. இனாமா வந்ததை எந்தக் கணக்குல எழுதுறது?”

அன்று ராத்திரி அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலையில் போய்ப் பார்த்தேன். மாசி மாதத்துப் பக்கத்தில், விட்டுப்போன கணக்கை ஏற்றுகிற மாதிரி ஓரத்தில் கோடு இழுத்து, சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘மருந்து. எதிர்வீட்டு ஆச்சி கொடுத்தது. மாத்திரை 24. தொகை 0.00.’